4 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினியில் வலைத்தள உருவாக்கம் கற்க எந்த எடிட்டர் பொருந்தும்?

கேள்வி

வணக்கம். வணிகவியல் படித்து முடித்த நான், மூன்று மாதங்களாக எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றைக் கற்று வருகிறேன். பயிற்சி வகுப்பில், நிரல் எழுத உதவும் விஎஸ் கோட் என்ற எடிட்டரில்தான் சொல்லித் தருகிறார்கள். என் மடிக்கணினியில் ரேம் 4 ஜிபி மட்டுமே. விஎஸ் கோடையும் குரோமையும் சேர்த்துத் திறந்தால், தட்டிய எழுத்து திரையில் தோன்றவே ஒரு நொடிக்கு மேல் ஆகிறது. சப்ளைம் டெக்ஸ்ட்டுக்கு மாறிவிடலாமா? ஆட்டம் என்ற எடிட்டரை நிறுத்திவிட்டார்கள் என்று படித்ததிலிருந்து, பழகிய எடிட்டர் கைவிடப்பட்டால் எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டியிருக்குமோ என்ற அச்சமும் இருக்கிறது. புதிய கணினி வாங்கும் நிலையில் இப்போது இல்லை.

மறுமொழி 1

முதலில் அந்த அச்சத்தை விட்டுவிடுங்கள். ஆட்டமை உருவாக்கிய கிட்ஹப் நிறுவனம் 2022 டிசம்பர் 15 அன்று அதை நிறுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில் அடோபி, பிராக்கெட்ஸ் என்ற தன் எடிட்டருக்கான ஆதரவை முடித்துக்கொண்டது. ஆனாலும் அவற்றில் எழுதியவை எல்லாம் வெறும் உரைக்கோப்புகள் என்பதால் யாருடைய உழைப்பும் வீணாகவில்லை. ‘யுஎல்>எல்ஐ*5’ என்பதை ஆங்கில எழுத்துகளில் அடித்து டேப் விசையைத் தட்டினால் ஐந்து உருப்படிகள் கொண்ட பட்டியல் விரியும். எம்மெட் எனப்படும் இந்தச் சுருக்கெழுத்து கைக்குப் பழகிவிட்டால், பெரும்பாலான எடிட்டர்களில் அதை அப்படியே பயன்படுத்தலாம்.

வேகம் குறைவதற்கு வருவோம். விஎஸ் கோட், எலக்ட்ரான் என்ற அடித்தளத்தில் இயங்குகிறது. முதலில் ஆட்டமுக்காக உருவாக்கப்பட்ட அந்த எலக்ட்ரானுக்குள் குரோம் பிரவுசரின் அடிப்படையான குரோமியம் இருப்பதால், நீங்கள் குரோமையும் திறக்கும்போது இரண்டு பிரவுசர்களின் சுமையை அந்த 4 ஜிபி தாங்க வேண்டியிருக்கிறது. இருந்தாலும் ஒரு நொடித் தாமதத்துக்கு எடிட்டர் மட்டுமே காரணமாக இருக்காது என்பது என் கணிப்பு. ஹெல்ப் மெனுவில் ‘ஓப்பன் பிராசஸ் எக்ஸ்ப்ளோரர்’ என்பதைத் திறந்து, எக்ஸ்டென்ஷன்களை, அதாவது எடிட்டரில் நாமே சேர்க்கும் கூடுதல் வசதிகளை, இயக்கும் ‘எக்ஸ்டென்ஷன் ஹோஸ்ட்’ என்ற வரியில் எவ்வளவு நினைவகம் செலவாகிறது என்று பாருங்கள். அடைப்புக்குறிகளை வண்ணத்தில் காட்டும் வசதி 2021 முதல் எடிட்டரிலேயே இருக்கிறது. தொடக்க டேகை மாற்றினால் முடிவு டேகும் மாறுவதற்கு, அமைப்புகளில் ‘லிங்க்டு எடிட்டிங்’ என்பதை இயக்கினாலே போதும். இவற்றுக்கெனத் தனி எக்ஸ்டென்ஷன் வைத்திருந்தால் தயங்காமல் நீக்குங்கள்.

மறுமொழி 2

நான் சப்ளைம் டெக்ஸ்ட்டையே சொல்வேன். சி++ மொழியில் எழுதப்பட்ட அது, பழைய கணினியிலும் சட்டென்று திறக்கும். காலவரம்பின்றிச் சோதித்துப் பார்க்கலாம். தொடர்ந்து பயன்படுத்துவதானால் உரிமம் வாங்க வேண்டும் என்பது அவர்களின் விதி. ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்: விஎஸ் கோட் தருவது போன்ற ஜாவாஸ்கிரிப்ட் பரிந்துரைகள் வேண்டுமென்றால் எல்எஸ்பி என்ற தொகுப்பையும், பரிந்துரைகளைக் கணித்துத் தரும் மொழிச் சேவையகம் என்ற நிரலையும் சேர்க்க வேண்டும், அப்போது நினைவகச் செலவு இதிலும் ஏறும்.

கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் சாளரத்துக்குள் இயங்கும் நியோவிம் என்ற எடிட்டர் இவை எல்லாவற்றையும்விட இலகுவானது. ஆனால் தமிழில் பக்கங்கள் அமைக்கும் எண்ணம் இருந்தால் இப்போதைக்கு வேண்டாம். பல டெர்மினல்களில் ‘கோயில்’ என்று எழுதினால் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்கும், கர்சரும் இடம் தவறிக் காட்டும். பிழை எங்கே என்று தேடும் தொடக்கநிலை மாணவருக்கு அது பெரிய இடையூறு.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. பிராசஸ் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து பார்த்தபோது நீங்கள் சொன்ன வரிதான் முதலிடத்தில் இருந்தது. ஒவ்வொரு காணொளியிலும் பரிந்துரைத்ததை எல்லாம் நிறுவி, 14 எக்ஸ்டென்ஷன்கள் வைத்திருந்திருக்கிறேன். அவற்றில் ஒரே வேலையைச் செய்பவை இரண்டு. பக்கத்தை உடனுக்குடன் பிரவுசரில் காட்டும் லைவ் சர்வரையும், நிரலைச் சீராக அடுக்கித் தரும் பிரிட்டியரையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிட்டேன். பயிற்சிக் கோப்புறையை மட்டும் திறக்காமல், டாக்குமென்ட்ஸ் முழுவதையும் திறந்து வைத்திருந்ததையும் திருத்திக்கொண்டேன். இப்போது குரோமில் மூன்று டேப்கள் திறந்திருந்தும் எழுத்துகள் விரலோடு ஒட்டி வருகின்றன. வகுப்பு முடியும்வரை இதிலேயே தொடர்கிறேன். ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் பாடம் தொடங்கும்போது மீண்டும் தாமதமானால், சப்ளைமை நிறுவி இங்கேயே எழுதுகிறேன்.