‘தாவரத் தடுப்பூசி’ வேண்டாமே

வணக்கம் ஐயா,

தாவரங்களில் உண்டாக்கி எடுக்கும் தடுப்பூசிக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சில் நீங்கள் எழுதியது:

> ‘தாவரத் தடுப்பூசி’ என்றே வைத்துக்கொள்ளலாமே, சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம் சரி, ஆனால் மேச்சேரிப் பக்கம் ஆடு வளர்ப்பவரிடம் இதைச் சொன்னால் மரவள்ளி மாவுப்பூச்சிக்கு ஏதோ ஊசி வந்திருக்கிறது என்றுதான் நினைப்பார். மாட்டுத் தடுப்பூசி மாட்டுக்கு என்றால் இது தாவரத்துக்குத்தானே!

இதற்கே சொல்லப்பட்ட இன்னொரு பெயரான ‘உண் தடுப்பூசி’யில் ஊசியை எப்படி உண்பது என்று சிலர் கேட்டிருந்தார்கள். அது எனக்கு உறுத்தவில்லை, கோழிகளுக்கு வரும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்குக் குஞ்சின் கண்ணில் விடும் சொட்டையும் தடுப்பூசி என்றுதானே சொல்கிறோம். பொருள்தான் இடிக்கிறது, இந்த வகைத் தடுப்பூசி எல்லாமே உண்பது இல்லை. 2006-ல் அமெரிக்க வேளாண் துறை அனுமதி கொடுத்தது இதே வெள்ளைக்கழிச்சலுக்கான தடுப்பூசி ஒன்றுக்கு. டவ் அக்ரோசயின்சஸ் நிறுவனம் புகையிலைச் செல்களைத் தொட்டியில் வளர்த்து, வைரஸின் புரதம் ஒன்றை மட்டும் அவற்றில் உண்டாக்கி எடுத்தது. முழு வைரஸ் கிடையாது, அதனால் ஊசியாலேயே நோய் வந்துவிடுமோ என்ற பயமும் இல்லை. கோழி அந்தப் புகையிலையைக் கொத்தவே இல்லை. (அது சந்தைக்கும் வரவில்லை, அது வேறு கதை.) பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலோ மாட்டு வெக்கை நோய் வைரஸின் புரதத்தை நிலக்கடலைச் செடியில் உண்டாக்கி, அந்தச் செடியை மாட்டுக்குத் தின்னவே கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றில் தின்பது உண்டு, மற்றதில் இல்லை. இரண்டுக்கும் பொது, மருந்து எதில் உருவாகிறது என்பது மட்டும்தான். அதனால் ‘செடிவழித் தடுப்பூசி’ என்பது என் முன்மொழிவு.

---

அண்ணா, ‘வழி’ நன்றாக உட்கார்கிறது. ஆனால் தொட்டியில் வளரும் செல்லில் செடி எங்கே இருக்கிறது? ‘தாவரவழித் தடுப்பூசி’ என்றால் செல்லும் அடங்கும், நிலக்கடலையும் அடங்கும்.

தின்னக் கொடுப்பதற்குத் தனியாக ‘தீவனவழி’ வைக்கலாம், ‘தழைத் தடுப்பூசி’ மட்டும் வேண்டாம். தழைக்கட்டைத் தொங்கவிட்டால் கிடா முட்டித் தள்ளி இலையெல்லாம் உருவித் தின்றுவிடும், ஓரமாக நிற்கும் குட்டிக்குக் காம்புதான் மிஞ்சும். தழையைப் போட்டாலே ஆட்டுக்கொல்லி நோய் வராது என்று பெயரை வைத்து யாராவது நம்பிவிட்டால், எந்த ஆட்டுக்கு எவ்வளவு மருந்து போனது என்று யார் பார்ப்பது? காய வைத்து அரைத்து, எடை பார்த்துக் கொடுத்தால்தான் அளவு நிற்கும், அதற்குத் தீவனம் என்ற சொல்லே பொருந்தும்.

தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவரிடம் இரண்டு சொல்லையும் கொடுத்திருக்கிறேன். கிராமத்து முகாமில் சொல்லிப் பார்க்கட்டும், அப்புறம் முடிவு செய்வோம்.