காட்டுல பார்த்த காளான், போட்டோ வச்சு பேர் சொல்ல முடியுமா முடியாதா

புதுநடை: வணக்கம் மக்களே, காட்டுப்பக்கம் நடக்க ஆரம்பிச்சிருக்கேன், காளான் பத்தி ஒண்ணுமே தெரியாது. மழை விட்டதும் போனேன், ஒரு ஓக் மரத்தடியில லேசா பச்சை கலந்த மஞ்சள் குடை, அடியில வெள்ளை வெளேர்னு மடிப்பு, தண்டுல தொங்குற மாதிரி ஒரு வளையம். தண்டை பாதியில ஒடிச்சு எடுத்துட்டு வந்தேன். ஆப்ல மேல இருந்து எடுத்த போட்டோவ போட்டா பச்சை ரஸ்ஸுலான்னு முதல் பேரா காட்டுது, அது சாப்பிடுற காளானாமே. சமைக்கலாமா?

மடிப்புமுனி: சமைக்காதீங்க. மீதிய அப்புறம் பேசலாம்.

ரஸ்ஸுலாவுக்கு தண்டுல வளையமே கிடையாது, தண்டு சாக்பீஸ் மாதிரி பட்டுனு ஒடியும். நீங்க சொல்ற அடையாளம் டெத் கேப்புக்கு பொருந்துது, அதான் அமானிட்டா ஃபலாய்டஸ், ஆளையே கொல்ற விஷக் காளான். ஓக் மரத்தடி அதுக்கு ரொம்ப புடிச்ச இடம். அடித்தண்டு எங்க? அத மண்ணுலயே விட்டுட்டு வந்துட்டீங்களே, அங்கதான் பை மாதிரி ஒரு உறை இருக்கும், விஷயமே அதுலதான்.

காடோடி: வந்துட்டாருய்யா. புதுசா ஒருத்தர் வந்து கேட்டாலே டெத் கேப் டெத் கேப்னு கத்தி தொரத்திடுறீங்க, அப்புறம் எவன்தான் கத்துக்குவான்? காளான்ல ஆயிரக்கணக்குல வகை இருக்கு, ஆளைக் கொல்றது அதுல கொஞ்சம்தான். ஆப் தப்பு பண்ணும்தான், ஆனா எந்த குடும்பம்னு ஒரு ஐடியா குடுக்குதுல்ல.

மடிப்புமுனி: குடும்பத்தையே தப்பா குடுத்திருக்கே ப்ரோ இங்க. மேல இருந்து எடுத்த ஒரே படம், ஆப் வளையத்தையும் பார்க்கல, அடியையும் பார்க்கல, மோந்தும் பார்க்காது. போதாததுக்கு மழையில குடை மேல ஒட்டியிருக்கிற திட்டு எல்லாம் கழுவிட்டு போயிடும், வளையமும் சில சமயம் உதிர்ந்துடும், அனுபவஸ்தனே தடுமாறுற இடம் இது.

பழையகணக்கு: இவ்ளோ எதுக்கு? நத்தை கடிச்சிருக்கான்னு பாருங்க, கடிச்சிருந்தா நல்ல காளான். இல்லன்னா கொதிக்கும்போது ஒரு வெள்ளிக்காசும் பூண்டும் போடுங்க, கறுத்தா விஷம். சிம்பிள்.

மடிப்புமுனி: ஐயா சாமி, மாடரேட்டர் யாராவது இருந்தா இந்த கமெண்ட்ட எடுங்க. நத்தை டெத் கேப்ப தின்னுட்டு சௌக்கியமா போகும், அதோட உடம்பு வேற நம்ம உடம்பு வேற. வெள்ளி கறுக்கிறது கந்தகத்தால, அதுக்கும் இந்த விஷத்துக்கும் சம்பந்தமே இல்ல. டெத் கேப்ல இருக்கிற விஷத்துக்கு பேரு அமடாக்சின், அது கொதிச்சாலும் போகாது, காய வச்சாலும் ஃப்ரிட்ஜ்ல வச்சாலும் போகாது. இதுல கொடுமை என்னன்னா சாப்பிட்ட உடனே ஒண்ணுமே தெரியாது, 6 மணி நேரத்துல இருந்து 24 மணி நேரம் கழிச்சுதான் வாந்தி பேதி ஆரம்பிக்கும், அப்புறம் சரியாயிட்ட மாதிரியே இருக்கும், ஆள் எழுந்து உக்காந்துடுவான், உள்ள கல்லீரல் செத்துக்கிட்டு இருக்கும். ருசியும் நல்லாவே இருந்துச்சுன்னு பொழைச்சவங்க சொல்லியிருக்காங்க, அதனால கசப்பு இல்லையேன்னு நம்பவும் வழியில்ல.

புதுநடை: ஐயோ நான் கையில புடிச்சேனே??

காடோடி: தொட்டா ஒண்ணும் ஆகாது, உள்ள போனாதான் விஷம். கையை கழுவிட்டு நிம்மதியா இருங்க. இத சொல்லாம விட்டுட்டு பயம் மட்டும் காட்டுறாங்க பாருங்க.

இலைச்சருகு: என் கேள்வியே வேற, எதுக்கு பறிக்கணும்? சின்ன கண்ணாடி ஒண்ண கீழ நீட்டினா மடிப்பு தெரியும், மண்ணை லேசா விலக்கினா அடி தெரியும், படம் எடுத்துட்டு வந்துடலாம். எல்லாரும் புடுங்கினா அடுத்த வருஷம் என்ன மிஞ்சும்?

காடோடி: அதெல்லாம் நெஞ்சைத் தொடுற பேச்சு, ஆனா சுவிட்சர்லாந்துல 29 வருஷம் ஒரே காட்டுல பறிச்சுப் பறிச்சு பார்த்துட்டாங்க, 2006ல ரிசல்ட் வந்துச்சு, பறிச்சதால விளைச்சல் குறையவே இல்ல. உண்மையான உடம்பு மண்ணுக்குள்ள இழை இழையா இருக்கு, நாம எடுக்கிறது பழத்தை.

இலைச்சருகு: அதே ஆய்வுல மண்ணை மிதிச்ச இடத்துல காளான் குறைஞ்சதுன்னும் இருக்கே, அத ஏன் சார் விட்டுட்டீங்க? பறிக்கப் போறவன் பறந்தா போவான்?

காடோடி: சரி, மிதிச்சதுலயும் மண்ணுக்குள்ள இருக்கிற இழைக்கு கேடு இல்லன்னுதான் சொன்னாங்க. ஆனா பாயிண்ட் ஓகே.

மடிப்புமுனி: புதுநடை, சண்டைய விடுங்க. மீதி இருக்கிற குடையை மடிப்பு கீழ பார்க்கிற மாதிரி பேப்பர் மேல வச்சு டம்ளரால மூடி ராத்திரி பூரா விடுங்க, ஸ்போர் பிரின்ட் விழும், அதாவது மடிப்புல இருந்து உதிர்ற விதை மாதிரி தூளோட தடம், அதோட நிறத்தைத்தான் பார்க்கணும். இது ஏன் முக்கியம்னா, ஆசியாவுல இருந்து அமெரிக்கா ஆஸ்திரேலியா போனவங்க நம்ம வைக்கோல் காளான்னு நெனச்சு டெத் கேப்ப பறிச்சு செத்திருக்காங்க. ரெண்டுக்கும் அடியில பை இருக்கு, மொட்டா இருக்கும்போது ஒரே மாதிரி இருக்கும். வைக்கோல் காளான் விரிஞ்சா வளையம் இருக்காது, ஸ்போர் பிங்க்கா விழும். டெத் கேப்புக்கு வெள்ளை.

புதுநடை: (மறுநாள்) வச்சு பார்த்தேன் அண்ணே, வெள்ளை பேப்பர்ல ஒண்ணுமே விழல.

மடிப்புமுனி: வெள்ளை பேப்பர்ல வெள்ளை எப்படி தெரியும்? சாய்ச்சு வெளிச்சத்துல பாருங்க, இல்ல பாதி கறுப்பு பாதி வெள்ளை பேப்பர்ல திரும்ப வைங்க.

புதுநடை: கறுப்புல வச்சேன், தூள் மாதிரி வெள்ளையா நல்லா விழுந்திருக்கு. அப்போ அதுதானா?

காடோடி: வெள்ளைன்னாலே டெத் கேப்னு முடிவு கட்டாதீங்க, சாப்பிடுற காளான் எத்தனையோ வெள்ளை ஸ்போர்தான்.

மடிப்புமுனி: இத ஒத்துக்கிறேன், வெள்ளை மட்டும் எதையும் நிரூபிக்காது. ஆனா அந்த வளையமும் சேர்ந்து வருதுல்ல. அதே இடத்துக்குப் போய் மிச்ச தண்டை சுத்தி மண்ணை கத்தியால நெம்பி அடியோட படம் எடுத்து போடுங்க. அதுவரைக்கும் எடுத்துட்டு வந்தது குப்பையில, சமையல் பாத்திரம் பக்கமே வேண்டாம்.

பழையகணக்கு: எங்க தாத்தா இதெல்லாம் பார்த்தா சாப்பிட்டாரு?

இலைச்சருகு: உங்க தாத்தா ஒரே காட்டுல பொறந்து வளர்ந்து அங்க இருக்கிற நாலஞ்சு காளான மட்டும் பறிச்சிருப்பாரு சார், ஆப்ப பார்த்து பறிக்கலையே. நெம்பும்போது சுத்தி மிதிக்காம பாத்துக்கங்க புதுநடை.