ஸ்பெயினுக்கு முன்பே கியூபாவில் ரயில் ஓடியது எப்படி?

கேள்வி: ஸ்பெயின் மண்ணில் பார்சிலோனா–மத்தரோ பாதை 1848-இல்தான் திறக்கப்பட்டது. அதன் ஆட்சியிலிருந்த கியூபாவில் 1837-லேயே ரயில் ஓடியது எவ்வாறு?

பதில் 1: சர்க்கரைதான் காரணம். மழைக்காலச் சேற்றில் மாட்டுவண்டிகள் புதைந்து நின்றதால் சலித்துப்போன கரும்புத் தோட்ட முதலாளிகளின் நெருக்குதலால், லண்டனில் திரட்டிய கடனைக் கொண்டு, ஹவானாவிலிருந்து பெஹுக்கல் வரையிலான பாதை அவ்வாண்டு நவம்பர் 19 அன்று திறக்கப்பட்டது. மறு ஆண்டே அது குயினெஸ் வரை நீண்டது.

பதில் 2: முதலாளிகளை மட்டும் சொல்லி நிறுத்தக் கூடாது. மண்ணை வெட்டியவர்கள் அடிமைகளும் கானரித் தீவினரும் அயர்லாந்துக்காரர்களும்; அவர்களில் பலர் நோயால் மாண்டனர்.

பதில் 3: தாயகமான ஸ்பெயினின் தாமதம் ஒருபுறமிருக்க, அங்கே தண்டவாளங்களுக்கு இடையே விடப்பட்ட அகலத்தையும் கவனியுங்கள். ஸ்பெயின் பொறியாளர்களின் 1844-ஆம் ஆண்டு அறிக்கை, பெரிய கொதிகலன்கள் கொண்ட எஞ்சின்களுக்காக ஆறு காஸ்டிலிய அடியை (பழைய ஸ்பானிய அளவு) பரிந்துரைத்தது. பிரான்சின் படையெடுப்புக்கு அஞ்சியே இந்த அகலத்தைத் தேர்ந்தார்கள் என்பது பிற்காலக் கதை என்றே நினைக்கிறேன். பிரான்சின் பாதை குறுகலானது என்பதால், 1928-இல் திறக்கப்பட்ட கான்ஃபிராங்க் என்ற ஸ்பெயின்–பிரான்ஸ் எல்லை நிலையத்தில் பயணிகள் வண்டி மாற வேண்டியிருந்தது.