புதுப்பிப்பு: இத்தாலியின் புலியா கடற்கரையில் வாடகைக் கார் – அபராதம் பற்றி

பாரி விமான நிலையத்தில் கார் எடுப்பது பற்றிய முந்தைய இழையில் சாலைகளை மட்டுமே சொல்லியிருந்தேன். பலரும் கேட்டது அபராதம் பற்றி.

பாரி–பிரிந்திசி–லெச்சே நெடுஞ்சாலையில் சுங்கம் கிடையாது, ஓட்டுவதும் சுலபம். சிக்கல் ஊருக்குள்தான். பழைய நகர நுழைவில் சிவப்பு வட்டப் பலகையும் 'இசட்.டி.எல்.' (ZTL) எழுத்துகளும் இருக்கும்; அனுமதி பெற்ற வண்டிகள் மட்டுமே போகக்கூடிய பகுதி என்று அர்த்தம். மின்பலகையில் 'வார்க்கோ அத்திவோ' என்று எரிந்தால் தடை அமலில் இருக்கிறது, நுழையாதீர்கள். கேமரா நம்பர் பிளேட்டைப் பிடித்துவிடும். வாடகை நிறுவனம் உங்கள் முகவரியைக் கொடுத்துவிட்டு, அதற்கென்றே கார்டில் தனிக் கட்டணமும் பிடிக்கும். அபராதம் அதில் சேராது. அந்தக் கடிதம் மாதங்கள் கழித்துக்கூட வரலாம்.

கூகுள் மேப்பை இதில் நம்ப வேண்டாம். தங்குமிடம் உள்ளே இருந்தால், வண்டி எண்ணை முன்கூட்டியே பதிவு செய்ய முடியுமா என்று அவர்களிடமே கேளுங்கள்.

பார்க்கிங்: நீலக் கோடு கட்டணம், வெள்ளை பெரும்பாலும் இலவசம், மஞ்சள் பக்கம் போகவே வேண்டாம்.