ஹெட்ஜிங் – தமிழில் என்ன? திங்கட்கிழமைக்குள் வேண்டும்

லாஸ்பேட்டை, வணிகவியல் ஆசிரியை:
அன்பர்களே, வணக்கம். பன்னாட்டு நிறுவனங்கள் பற்றிய தமிழ்வழிப் பாடக்குறிப்பு திங்களன்று அச்சுக்குப் போகிறது. ஹெட்ஜிங் என்ற சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்; நாணய மதிப்பு மாறி வரக்கூடிய நட்டத்துக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வது அது. எடுத்துக்காட்டு இதுதான்: ஒரு லட்சம் டாலர் சரக்கு அனுப்பியாயிற்று, பணம் 90 நாள் கழித்துத்தான் வரும். டாலருக்கு 85 ரூபாய் என்று இன்றே வங்கியோடு பேசி முடித்துவிட்டால் (இதைத்தான் ஃபார்வர்டு என்பார்கள்), அன்றைக்கு 82க்கு இறங்கினாலும் 3 லட்சம் தப்பும். 88க்கு ஏறினால் கூடுதலாக வரவேண்டிய 3 லட்சம் வராது. இப்போதைக்கு 'இடர்காப்பு' என்று போட்டிருக்கிறேன்.

திருப்பாதிரிப்புலியூர், புலவர்:
'இடர்' ஒட்டாது அம்மா. 'இடராழி நீங்குகவே' என்று பொய்கையாழ்வார் சொன்னது ஏற்கெனவே வந்து சூழ்ந்த துன்பத்தை. உங்கள் டாலர் இன்னும் இறங்கவே இல்லையே? 'அரண்' என்று வையுங்கள். கல்லோடு கடலில் தள்ளப்பட்ட அப்பர் கரையேறிய ஊர்க்காரன் சொல்கிறேன்.

முத்தியால்பேட்டை, ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்:
ஐயா, அப்பர் ஃபார்வர்டு புக் பண்ணிக் கரையேறவில்லை! அது இருக்கட்டும், 'காப்பு' வேண்டவே வேண்டாம். காப்பீடு வேறு. வெளிநாட்டு ஆலையை அந்த அரசே எடுத்துக்கொண்டாலோ, கலவரத்தில் எரிந்தாலோ இழப்பீடு தருவது அது. உலக வங்கிக் குழுமத்தின் முதலீட்டு உத்தரவாத அமைப்பான மிகா (MIGA) 1988 முதல் செய்வது அந்த வேலை. அதில் பிரீமியம் கட்டினால் போதும், லாபம் வந்தால் நமக்கே. ஃபார்வர்டில் லாபத்தையும் சேர்த்து விட்டுக்கொடுக்கிறோம். பையன்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள்.

நெல்லிக்குப்பம், மொழிபெயர்ப்பாளர்:
'ஈடுகட்டல்'. ஜப்பானின் ஹோண்டா 1982இல் அமெரிக்காவின் ஒஹையோவில் கார் செய்யத் தொடங்கியது. விற்பதும் டாலரில், கூலி கொடுப்பதும் டாலரில் என்றால் யென் ஏறினாலும் அடி குறைவு. ஃபார்வர்டே கிடையாது, ஆனாலும் இது ஹெட்ஜிங்தான். இதில் 'அரண்' எங்கே இருக்கிறது? அப்புறம், திருவாய்மொழி உரைக்கு 'ஈடு' என்று பெயர் வந்ததற்குக் கவசம் என்றும் பொருள் சொல்வார்கள். ஆக, புலவர் கேட்ட அரணும் உள்ளேயே இருக்கிறது.

புலவர்:
ஈடு என்றால் அடமானமும்தான். வியன்னாவில் இருக்கும் முசிறி பாப்பிரசு, பழைய சேரத் துறைமுகமான முசிறியோடு நடந்த கடல் வணிகத்துக்காக நாணல் தாளில் எழுதிய 2ஆம் நூற்றாண்டுக் கடன் ஒப்பந்தம். சரக்கைத்தான் ஈடாகக் காட்டினார்கள். அரிக்கமேட்டுக்கு வந்த மதுச்சாடிகளுக்கும் யாராவது...

வங்கி அலுவலர்:
ஐயா, திங்கட்கிழமை.

அரியாங்குப்பம், மாணவர்:
ஹெட்ஜிங் என்றே போட்டால் என்ன? வேலைக்குப் போனால் அதைத்தானே கேட்பார்கள்?

மொழிபெயர்ப்பாளர்:
வட்டியையும் வேறு மொழியில் கேட்டால்தான் புரியுமா தம்பி?

ஆசிரியை:
சரி. பெரும்பாலோர் 'ஈடுகட்டல்' பக்கம், பாதிப் பேர் களைப்பினால். தலைப்பில் அதையே போடுகிறேன். முதல் வரியில் தம்பிக்காக ஹெட்ஜிங்கும் இருக்கும்.

புலவர்:
அச்சிடுங்கள், தடுக்கவில்லை. ஆனால் ஈடுகட்டுவது இழந்த பிறகு. நீங்கள் செய்வதோ இழக்கும் முன். 'முன்னீடு' பொருந்துமா என்று நாளை விரிவாக எழுதுகிறேன்.