முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஆய்வு நெறிமுறைப் பட்டறை: இரண்டு நாளில் எதை வைப்பது, எதை விடுவது?

லெம்பா பந்தாய்:
வணக்கம். கோலாலம்பூரில் எங்கள் புலத்தில் புதிதாகச் சேரும் முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஆய்வு நெறிமுறைப் பயிற்சி. இதுவரை இரண்டு மணி நேர ஸ்லைடு விரிவுரை, அப்புறம் இணையத்தில் 20 கேள்வி. எல்லோரும் முழு மதிப்பெண்தான். ஆனால் ஆய்வேடு வரும்போது பார்த்தால் டர்னிடின் (பிற மூலங்களோடு ஒத்துப்போகும் வரிகளைக் காட்டும் மென்பொருள்) விழுக்காட்டைக் குறைக்கச் சொல்லுக்குச் சொல் மாற்றிய பத்திகள், யார் பெயர் முதலில் என்ற சண்டை, மூலத் தரவு கேட்டால் பழைய லேப்டாப்பில் போச்சு. இப்போது இரண்டு நாள் தருகிறார்கள். 30 பேர், பாதி ஆய்வகம், பாதி சமூக அறிவியல். மேற்பார்வையாளர்களையும் கூப்பிடலாமா?

குளுகோர்க்காரன்:
வரையறைக்கு அரை மணி போதும். இட்டுக்கட்டுவது, திரிப்பது, கருத்துத் திருட்டு மூன்றும் தப்பு என்று தெரியாமல் யாரும் வருவதில்லை. ஆய்வு நேர்மை பற்றிய 2010 சிங்கப்பூர் அறிக்கையில் நான்கு கொள்கை, 14 பொறுப்புதான். அதையும் மலேசிய நெறிக்கோவையையும் கையில் கொடுத்துவிடுங்கள். மலேசிய அறிவியல் கழகத்தின் இளம் விஞ்ஞானிகள் வலையமைப்பு தயாரித்த பயிற்சித் தொகுப்பும் இருக்கிறது. குழு விவாதத்துக்கு ஏற்றது. டீன் நேரத்தைக் குறைக்கப் பார்த்தால் அமெரிக்காவின் என்ஐஎச் (தேசிய சுகாதார நிறுவனங்கள்) அளவுகோலைக் காட்டுங்கள்: குறைந்தது எட்டு மணி நேரப் பயிற்சி, அதில் நேருக்கு நேர் கலந்துரையாடல் கணிசமாக, நான்கு ஆண்டுக்கு ஒரு தடவையாவது. இணையப் பாடம் மட்டும் போதாது என்பது அவர்கள் நிலை.

மீதி நேரமெல்லாம் தரவுக் கோப்போடு. ஒரு பயிற்சி சொல்கிறேன். ஓர் அட்டவணை கொடுங்கள்: 25 பேர், 1 முதல் 5 வரை ஒரே கேள்வி, சராசரி 3.46. முழு எண்களைக் கூட்டி 25ஆல் வகுத்தால் விடை 0.04, 0.04ஆகத்தான் ஏறும். 3.44 வரலாம், 3.48 வரலாம், 3.46 வரவே வராது. கிரிம் சோதனை என்பது இதுதான். உடனே "மோசடி!" என்பார்கள். அப்போது இன்னொன்றைக் காட்டுங்கள்: ஒருவர் அந்தக் கேள்வியை விட்டிருந்தால் 24 பேர், கூட்டுத்தொகை 83, சராசரி 3.458. அதாவது 3.46 சரி, 25 என்று எழுதியதுதான் பிழை. பிழைக்கும் மோசடிக்கும் இடையே நிற்பது மூலக் கோப்பு ஒன்றுதான் என்பது அந்த இடத்தில் தானாகவே விளங்கும். நான்கு கேள்விகளின் சராசரி என்றால் 25 பேருக்கு இந்தச் சோதனை செல்லாது, படி 0.01 ஆகிவிடும். அதையும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கண்ணில் பட்ட கட்டுரையை எல்லாம் குற்றம் சொல்லக் கிளம்பிவிடுவார்கள்.

ஆய்வகக்காரர்களுக்குப் படம். வெளிச்சம், கான்ட்ராஸ்ட் மாற்றுவதானால் படம் முழுவதற்கும் ஒரே அளவு. ஜெல் பட்டைகளை வெட்டி ஒட்டினால் ஒட்டிய இடத்தில் கோடு தெரிய வேண்டும், விளக்கத்திலும் எழுத வேண்டும். 2014இல் ஸ்டாப் செல் (சாதாரண செல்லைத் தண்டுச் செல் போல மாற்றியதாகச் சொன்ன ஆய்வு) கட்டுரைகளில் ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனக் குழு முறைகேடு என்று முடிவு கட்டியவற்றில் ஒன்று, வேறு ஜெல்லின் பட்டையைச் சொல்லாமல் நுழைத்தது. அந்த வழக்கு ஒரு மணி நேரத்துக்குத் தாங்கும்.

செந்தூல் வாணி:
சமூக அறிவியல் பக்கம் பிரச்சினையே வேறு. நெறிமுறைக் குழு ஒப்புதல் வந்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். தமிழ்ப்பள்ளியில் ஆய்வு என்றால் கல்வி அமைச்சின் அனுமதி தனியாக வேண்டும். சுகாதார அமைச்சின் கிளினிக் என்றால் என்எம்ஆர்ஆர் (தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவும் அமைச்சின் நெறிமுறைக் குழுவும். ஓராங் அஸ்லி பூர்வகுடிக் கிராமம் என்றால் ஜக்கோவா (ஓராங் அஸ்லி மேம்பாட்டுத் துறை) அனுமதி. தரவு திரட்டிவிட்டுப் பின்தேதியில் ஒப்புதல் கேட்டால் கிடைக்காது; அந்தத் தரவு வீண்.

ஒப்புதல் படிவத்தை வகுப்பிலேயே எழுத வையுங்கள். மலாயில் எழுதியதைத் தமிழில் மாற்றி, இன்னொருவரிடம் கொடுத்துத் திரும்ப மலாய்க்குக் கொண்டுவரச் சொன்னால் ஓட்டை எல்லாம் தெரியும். தோட்டத்தில் கையெழுத்து வாங்கும்போது மேனேஜரோ கிராணியோ பக்கத்தில் நின்றால் அது சம்மதமே இல்லை. அன்பளிப்பும் அப்படித்தான்: பஸ் காசுக்கு 20 ரிங்கிட் சரி, ஒரு நாள் கூலியைத் தாண்டினால் பணத்துக்காகவே தலையாட்டுவார்கள்.

பெயரை எடுத்துவிட்டால் அடையாளம் மறைந்தது என்பதும் தப்பு. "தலைமையாசிரியை, 54 வயது, 18 மாணவர் உள்ள பள்ளி" என்று எழுதினால் அந்த வட்டாரத்துக்கே ஆள் தெரிந்துவிடும். வயதை 50–59 என்றும், மாணவர் எண்ணிக்கையை 'சிறிய பள்ளி' என்றும் ஆக்குங்கள். ஐசி (அடையாள அட்டை) எண்ணைத் தரவுக் கோப்பில் வைக்கவே கூடாது. கோப்புகளை இணைக்க ஐசியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னொரு கண்ணி: 2000க்குப் பின் பிறந்தவர்களில் பலரின் எண் 0இல் தொடங்கும். எக்செல் அதை எண்ணாக எடுத்து முன்னால் இருக்கும் பூஜ்யத்தை விழுங்கிவிடும், பாதிப் பேர் பொருந்தமாட்டார்கள். பங்கேற்பாளருக்குச் சொந்தக் குறியீடு கொடுத்து, குறியீட்டுப் பட்டியலை வேறு இடத்தில் பூட்டி வைப்பதுதான் வழி.

மூர்த்தி_கிள்ளான்:
மேற்பார்வையாளர்களைக் கட்டாயம் கூப்பிடுங்கள், ஆனால் வேறு அறையில். அவர் எதிரே உட்கார்ந்திருந்தால் எந்த மாணவரும் வாய் திறக்கமாட்டார்.

அவர்களிடம் பேச வேண்டியது ஆசிரியர் பெயர் விவகாரம். ஐசிஎம்ஜேஇ (மருத்துவ இதழாசிரியர்களின் அனைத்துலகக் குழு) நிபந்தனை நான்கு: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதியதில் அல்லது திருத்தியதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுக் கட்டுரைக்கும் பதில் சொல்லும் பொறுப்பு. நான்கும் வேண்டும். நிதி வாங்கித் தந்தது, துறைத்தலைவராக இருப்பது இதெல்லாம் நன்றியுரைக்குப் போகும். சாட்ஜிபிடி ஆசிரியர் ஆக முடியாது; பயன்படுத்தியிருந்தால் சொல்ல வேண்டும். ஆய்வு தொடங்கும்போதே கிரெடிட் அட்டவணையின் (ஆய்வில் யார் என்ன செய்தார் என்று பிரித்துக் காட்டும் பட்டியல்) 14 பங்குகளில் யார் எது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை திருத்துங்கள். கட்டுரை முடிந்த பிறகு பேச உட்கார்ந்தால் சண்டைதான்.

டர்னிடின் விழுக்காட்டுக்கு வரம்பு வைப்பதுதான் அந்தச் சொல் மாற்றும் வித்தைக்கே காரணம் என்பேன். செய்முறைப் பகுதியில் 25 விழுக்காடு வந்தால் பெரும்பாலும் வழக்கமான வாக்கியங்கள். முடிவுரையில் 4 விழுக்காடு ஒரே மூலத்திலிருந்து வந்தால் அதுதான் ஆபத்து. அறிக்கையைத் திறந்து வரி வரியாகப் படிக்கக் கற்றுக்கொடுங்கள்.

லெம்பா பந்தாய்:
மூவருக்கும் நன்றி. மதிப்பீடு எப்படி? மறுபடி கேள்வித்தாளா?

குளுகோர்க்காரன்:
வேண்டாம். இரண்டாம் நாள் மாலைக்குள் ஆளுக்கு இரண்டு தாள் வாங்குங்கள். ஒன்று தரவுத் திட்டம்: கோப்புப் பெயர் முறை, மூன்று பிரதி எங்கெங்கே (ஒன்றாவது வளாகத்துக்கு வெளியே), யார் திறக்கலாம், எத்தனை ஆண்டு வைத்திருப்பது. இன்னொன்று பகுப்பாய்வுத் திட்டம், தரவைப் பார்க்கும் முன்பே எழுதியது. ஒன்றையொன்று சாராத 20 புள்ளியியல் சோதனை ஓட்டினால், ஒன்றிலும் உண்மை இல்லாவிட்டாலும், ஒன்றிலாவது பி-மதிப்பு 0.05க்குக் கீழ் வர (அதாவது தற்செயலாக 'முடிவு கிடைத்தது' என்று தோன்ற) 64 விழுக்காடு வாய்ப்பு. அதனால் முதன்மைக் கேள்வி எது என்று முதலிலேயே பெயர் சொல்ல வேண்டும். மூர்த்தி சொன்ன பங்குத் தாளை மேற்பார்வையாளர் கையெழுத்தோடு ஒரு மாதத்தில் வாங்குங்கள். அது வராத மாணவருக்குச் சான்றிதழை நிறுத்தி வைத்து, மேற்பார்வையாளருக்கு நீங்களே போன் போடுங்கள். மாணவரைத் துரத்தச் சொல்லாதீர்கள்.