சொந்த வண்டியில் அரசு வேலை: தபால்காரருக்கு ஏன் கிலோமீட்டர் கணக்கு இல்லை?

செங்காட்டான்:
2017 ஜூலையில் மத்திய அரசு பயணப்படியைத் திருத்தியது. போக்குவரத்துத் துறை கட்டணம் நிர்ணயிக்காத இடங்களில் சொந்தக் காருக்கு கி.மீ.க்கு 24 ரூபாய், ஸ்கூட்டருக்கு 12 ரூபாய் என்று அப்போது வைத்தது. அதற்குச் சில நாள் முன்புதான் தபால்காரர்களின் சைக்கிள் படி மாதம் 90-லிருந்து 180 ரூபாய் ஆனது. ஏழாவது ஊதியக் குழு அந்தப் படியையே எடுத்துவிடச் சொன்னது. அரசு மறுத்தது, நல்ல விஷயம். ஆனால் அந்த 2017 கணக்கையே எடுத்து, 180-ஐ 12-ஆல் வகுத்துப் பாருங்கள். மாதத்துக்கு 15 கி.மீ.! கிராமத்து பீட்டில், அதாவது ஒரு தபால்காரர் தினமும் சுற்றும் பட்டுவாடாப் பகுதியில், பல பேருக்கு அது ஒரு நாள் ஓட்டம்.

வரவுசெலவு:
இரண்டும் வேறு வேறு படி, சேர்த்துப் பார்ப்பது தவறு. 12 ரூபாய் என்பது அலுவலக வேலையாக வெளியூர் போகும் சுற்றுப்பயணத்துக்கு. பட்டுவாடா என்பது அன்றாட வேலை. அதற்குத் துறை எதிர்பார்ப்பது சைக்கிள். பைக் வாங்கச் சொல்லி யாருக்கும் உத்தரவு இல்லை.

செங்காட்டான்:
உத்தரவு இல்லைதான். பார்சல் மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய், வீட்டு வாசலில் தபால் துறையின் போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி வேலையும் பார்த்து, அன்றைக்கே கணக்கு ஒப்படைக்க முடியுமா? பைக் இல்லாமல் நடக்காது என்று மேலே இருப்பவர்களுக்கும் தெரியும். தெரிந்தே தொழிலாளியின் பெட்ரோலில் வேலை வாங்குகிறோம்.

மலர்விழி:
ஒரு கணக்கு. பீட் 25 கி.மீ., மாதம் 25 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 625 கி.மீ. லிட்டருக்கு 45 கிடைத்தால் சுமார் 14 லிட்டர், லிட்டர் 100 ரூபாய் என்றால் 1,400 ரூபாய். டயர், சர்வீஸ், இன்சூரன்ஸ் தனி. 180 எங்கே, இது எங்கே?

வரவுசெலவு:
அதே 625-ஐ 12-ஆல் பெருக்குங்கள், 7,500 வருகிறது. பெட்ரோல் செலவைப் போல ஐந்து மடங்குக்கு மேல். நான் பயண பில் சரிபார்க்கும் வேலையில் இருந்தவன். கி.மீ. கணக்கு என்றால் ஓடிய தூரத்தைத் தினமும் எழுதும் லாக் புக், மேலதிகாரி கையெழுத்து, தணிக்கை ஆட்சேபணை எல்லாம் கூடவே வரும். பில் மாதக்கணக்கில் தூங்கும். குறைவாக இருந்தாலும் நிலையான தொகை சம்பளத்தோடு கைக்கு வந்துவிடுகிறது.

மலர்விழி:
பீட்டுக்கு லாக் புக் எதற்கு? எந்தத் தெரு, எந்தக் கிராமம், எவ்வளவு தூரம் என்பது அலுவலகத்திலேயே இருக்கிறது. வருகைப் பதிவேடும் இருக்கிறது. தூரம், வந்த நாள், அந்த மாத பெட்ரோல் விலை, இவ்வளவுதான். பொய் பில் எழுத இடமே இல்லை. சம்பளத்தோடு சேர்த்தே கொடுக்கலாம்.

வரவுசெலவு:
சரி, பீட் தூரத்தை வைத்துக் கொடுப்பதை ஒத்துக்கொள்கிறேன், பெட்ரோலுக்கு மட்டும். வண்டியை அவர் சொந்த வேலைக்கும் ஓட்டுகிறார். தேய்மானத்தை அரசு ஏன் ஏற்க வேண்டும்?

செங்காட்டான்:
சுற்றுப்பயணம் போகும் அதிகாரியும் அதே காரில்தான் குடும்பத்தோடு கோயிலுக்குப் போகிறார். அவருடைய 24 ரூபாயில் தேய்மானமும் சேர்ந்துதானே இருக்கிறது? அங்கே கேட்காத கேள்வியைத் தபால்காரரிடம் மட்டும் கேட்காதீர்கள். கி.மீ.க்கு 12 வேண்டாம் என்றால் 5 கொடுங்கள், அதற்குக் கணக்கு காட்டலாம். 180-க்கு எந்தக் கணக்கும் இல்லை.